ஒரே கட்டடத்தில் பள்ளியும் கல்லூரியும்: முனைவர் பட்டதாரிக்கு அங்கே என்ன வேலை?

மன்ஹாட்டனின் கிழக்கு ஓரத்தில், ஹவுஸ்டன் தெரு ஆற்றங்கரையை எட்டுவதற்குச் சற்று முன்னால், ஒரு மாநகரப் பள்ளிக் கட்டடம் இருக்கிறது. (டெக்சாஸ் நகரத்தை ஹியூஸ்டன் என்பார்கள். அதே எழுத்துகளில் எழுதப்படும் இந்தத் தெருவை நியூயார்க்வாசிகள் ஹவுஸ்டன் என்றுதான் சொல்வார்கள். மாற்றிச் சொன்னால் வெளியூர் ஆள் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.) பக்கத்திலேயே பரூக் ஹவுசஸ், மன்ஹாட்டனில் மிகப் பெரிய பொதுக் குடியிருப்பு. காலையில் பையை மாட்டிக்கொண்டு உள்ளே நுழையும் பிள்ளைகளுக்கு 14 முதல் 18 வயது. அவர்களுக்குப் பாடம் எடுப்பவர்களுக்கோ பேராசிரியர் என்று பெயர். அவர்களில் கணிசமானோர் முனைவர் பட்டம் பெற்றவர்கள்.

பார்ட் ஹைஸ்கூல் எர்லி காலேஜ் என்ற இந்தப் பள்ளியைத்தான் இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஹட்சன் ஆற்றங்கரையில் அனண்டேல் என்ற ஊரில் இருக்கும் பார்ட் கல்லூரியும் நியூயார்க் மாநகரக் கல்வித் துறையும் சேர்ந்து 2001-ல் தொடங்கியது. 9, 10ஆம் வகுப்புகளில் பள்ளிப் பாடத்தை வேகமாக முடித்துவிடுகிறார்கள். 11, 12 என்று போக வேண்டிய இரண்டு ஆண்டுகளில் நேராகக் கல்லூரிப் பாடம். நான்காம் ஆண்டு முடியும்போது பள்ளிச் சான்றிதழும் 60 கிரெடிட்டும் (முடித்த கல்லூரிப் பாடங்களை அளக்கும் அலகு), இரண்டாண்டுக் கல்லூரிப் படிப்புக்கான அசோசியேட் பட்டமும் கையில் இருக்கும். கட்டணம் கிடையாது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், பிளஸ் டூ முடிக்கும் வயதில் பி.ஏ. இரண்டாம் ஆண்டைத் தாண்டியிருப்பார்கள்.

மாணவர்களுக்கு இதனால் என்ன பலன் என்பது பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அமெரிக்கன் இன்ஸ்டிடியூட்ஸ் ஃபார் ரிசர்ச் என்ற ஆய்வு நிறுவனம் 2013-ல் வெளியிட்ட ஆய்வு இவற்றில் முக்கியமானது. இதேபோல் பள்ளிப் படிப்போடு கல்லூரிப் பாடமும் தரும் பள்ளிகளை எர்லி காலேஜ் என்கிறார்கள். குலுக்கல் முறையில் மாணவரைச் சேர்த்த அப்படிப்பட்ட 10 பள்ளிகளை எடுத்துக்கொண்டு, குலுக்கலில் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் அது ஒப்பிட்டது. பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் 86 சதவீதம், இடம் கிடைக்காதவர்களில் 81. கல்லூரியில் சேர்ந்தவர்கள் 80, மறுபக்கம் 71. ஆய்வுக் காலத்துக்குள் ஏதாவது ஒரு கல்லூரிப் பட்டம் பெற்றவர்கள் 22 சதவீதம், மறுபக்கம் வெறும் 2. கடைசி எண் ஒன்று போதும், திட்டத்தை நடத்துபவர்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ள.

நான் பார்க்க நினைப்பது மேசைக்கு மறுபக்கம். ஐந்தாறு ஆண்டுகள், சிலர் எட்டு ஆண்டுகள், ஒரு பொருளைத் தோண்டித் துருவி ஆய்வேடு எழுதி முடித்த ஒருவர் இந்தப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தால் அவருடைய வாழ்க்கை எப்படி அமையும்?

முதலில், அவர் ஏன் இந்தப் பக்கம் வருகிறார்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஆண்டுக்கு 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வு முனைவர் பட்டங்களை வழங்குகின்றன. பட்டம் பெருகிய வேகத்தில் நிரந்தரப் பேராசிரியர் இடங்கள் பெருகவில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கத்தின் கணக்குப்படி, 1987-ல் கல்லூரி ஆசிரியர்களில் 47 சதவீதம் பேர் நிரந்தரத்துக்கு வழியில்லாத பணிகளில் இருந்தார்கள். 2021-ல் அது 68 சதவீதம். இவர்களில் பெரும் பகுதியினர் அட்ஜங்க்ட் எனப்படுபவர்கள். தமிழ்நாட்டில் கௌரவ விரிவுரையாளர் என்று ஒரு பெயர் வைத்திருக்கிறோமே, ஏறத்தாழ அதுதான். கௌரவம் பெயரில் மட்டும். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தில் அட்ஜங்க்ட் ஒருவருக்கு ஒரு பருவத்தில் ஒரு பாடத்துக்குக் கிடைத்தது 2019 ஒப்பந்தத்துக்கு முன் சுமார் 3,500 டாலர். அந்த ஒப்பந்தம் அதைக் குறைந்தது 5,500 ஆக்கியது. பருவத்துக்கு நான்கு பாடம், அதுவும் இரண்டு மூன்று வளாகங்களில், சப்வேயில் ஓடி ஓடி எடுத்தாலும் அந்த ஒப்பந்தக் கணக்கில் ஆண்டுக்கு 44,000. மன்ஹாட்டன் வாடகை தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

எனவே பள்ளி வேலையைத் தோற்றவர்களின் ஒதுங்குமிடமாகப் பார்க்கும் வழக்கம் ஆராய்ச்சித் துறைகளில் இன்னமும் இருக்கிறது. வழிகாட்டிப் பேராசிரியரிடம் போய் 'பள்ளியில் சேரப் போகிறேன்' என்று சொன்னால் வரும் அந்த அரை நொடி மௌனத்தை அனுபவித்தவர்கள் அறிவார்கள். அந்த மௌனத்தைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு வேலையை மட்டும் பார்ப்போம்.

பட்டம் தேவையா

விஷயம் இங்கேதான் சிக்கலாகிறது. கல்லூரி கிரெடிட் தரும் வகுப்பை யார் எடுக்கலாம் என்பதை முடிவு செய்வது அங்கீகார அமைப்புகளின் விதி. தென் மாநிலங்களில் வழக்கில் இருக்கும் அளவுகோல், முதுகலைப் பட்டமும் அந்தப் பாடத்தில் 18 கிரெடிட் பட்டமேற்படிப்பும். முனைவர் பட்டம் கட்டாயம் இல்லை. நாடெங்கும் உள்ள எர்லி காலேஜ் பள்ளிகளில் பெரும்பாலானவை இந்த 18 கிரெடிட் அளவுகோலோடு நின்றுவிடுகின்றன.

பார்ட் அப்படி நிற்கவில்லை. காரணம் அதன் பூர்வீகத்தில் இருக்கிறது. எலிசபெத் ப்ளாட்ஜெட் ஹால் என்ற கல்வியாளர் 1964-ல் மாசசூசெட்ஸின் கிரேட் பேரிங்டனில் சைமன்ஸ் ராக் என்ற கல்லூரியை நிறுவினார். 16 வயதுப் பிள்ளைக்குப் பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகள் வீண், கல்லூரிப் படிப்பை அப்போதே தொடங்கலாம் என்பது அவர் கட்சி. 1979-ல் அது பார்ட் கல்லூரியின் கீழ் வந்தது. 1975 முதல் பார்ட் கல்லூரியின் தலைவராக இருந்த லியோன் பாட்ஸ்டைனும் அதே கட்சிக்காரர். அமெரிக்க உயர்நிலைப் பள்ளி காலாவதியாகிவிட்டது என்று வெளிப்படையாகப் பேசிவந்தவர். அப்படிப்பட்டவர் மாநகரத்தோடு சேர்ந்து பொதுப் பள்ளி தொடங்கும்போது கல்லூரிப் பேராசிரியரை வைத்துத்தான் தொடங்குவார். பாடம் எடுப்பவர் தன் துறையில் தானே ஆய்வு செய்தவராக இருக்க வேண்டும் என்பது அங்கே அடிப்படை எண்ணம்.

இந்த வகைப் பள்ளிக்கு இன்னொரு பூர்வீகமும் உண்டு. 1974-ல் ஜேனட் லீபர்மன் முன்னின்று குவீன்ஸில் லகார்டியா என்ற சமுதாயக் கல்லூரி (இரண்டாண்டுப் பட்டம் தரும் பொதுக் கல்லூரி) வளாகத்துக்குள் தொடங்கிய மிடில் காலேஜ் ஹைஸ்கூல் அது. படிப்பை விட்டுவிடும் நிலையில் இருந்த மாணவர்களைக் கல்லூரிச் சூழலுக்குள் கொண்டுவந்தால் படிப்பில் நிலைத்துவிடுவார்கள் என்ற கணக்கு. 2002-ல் கேட்ஸ் அறக்கட்டளை பணம் போட்டு எர்லி காலேஜ் திட்டத்தை நாடெங்கும் பரப்பியபோது அதிகம் பின்பற்றப்பட்டது இந்த வளாகப் பள்ளி முறைதான். இரண்டு பூர்வீகத்துக்கும் உள்ள வித்தியாசம், வேலை தேடும் முனைவருக்கு நேரடியாக உறைக்கும்.

சம்பளப் பட்டியல் யாருடையது

வட கரோலினாவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மாநிலத்தில் எர்லி காலேஜ் பள்ளிகள் பெரும்பாலும் சமுதாயக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கின்றன. பள்ளிப் பாடங்களை எடுப்பவர் மாவட்டப் பள்ளி வாரியத்தின் ஊழியர். கல்லூரிப் பாடங்களை எடுப்பவர் கல்லூரியின் ஊழியர். நீங்கள் ஆங்கில இலக்கியத்தில் முனைவர் பட்டம் வாங்கிப் பள்ளி வாரியத்தில் சேர்ந்தால், ஒன்பதாம் வகுப்புக்கு இலக்கணமும் கட்டுரையும் நடத்திக்கொண்டிருப்பீர்கள். அடுத்த கட்டடத்தில் உங்கள் மாணவர்களுக்கே கல்லூரி ஆங்கிலம் எடுப்பவர் முதுகலையும் 18 கிரெடிட்டும் உள்ளவராக இருக்கலாம். அவர் மேல் தப்பு இல்லை, உங்கள் மேலும் இல்லை. வேலையைப் பிரித்திருக்கும் விதம் அப்படி. 2011-ல் ஐபிஎம் நிறுவனமும் நகரப் பல்கலைக்கழகமும் மாநகரக் கல்வித் துறையும் சேர்ந்து புரூக்ளினில் தொடங்கிய பி-டெக் பள்ளியிலும் கல்லூரிப் பாடங்களுக்கு இதே பிரிவினை.

நியூயார்க் பார்ட் பள்ளியில் பிரிவினை இல்லை. காலையில் ஒன்பதாம் வகுப்புக்கு உயிரியல் எடுத்தவரே பிற்பகலில் கல்லூரி மரபியல் எடுக்கலாம். ஆனால் அவர் மாநகரக் கல்வித் துறையின் ஊழியர். ஆசிரியர் சங்க உறுப்பினர். மாநில ஆசிரியர் உரிமம் வாங்கியாக வேண்டும். பட்டத்தைப் பார்த்து பார்ட் கல்லூரி பேராசிரியர் என்று அழைக்கிறது, பள்ளி நாட்காட்டியைப் பார்த்து மாநகரம் சம்பளம் போடுகிறது. பார்ட் பின்னால் நியூவார்க், கிளீவ்லாந்து, பால்டிமோர் என்று பரவியபோது ஒவ்வொரு மாவட்டத்தோடும் தனித்தனியாக ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. ஒரு நகரத்தில் உள்ளவர் சொல்வதைக் கேட்டுவிட்டு இன்னொரு நகரத்தில் சேர்ந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்த இரட்டை வாழ்க்கையின் லாபம் கண்கூடானது. நியூயார்க் மாநிலத்தில் 2015-க்குப் பிறகு சேர்ந்த ஆசிரியர் நான்கு ஆண்டு தகுதிகாண் காலம் முடித்தால் நிரந்தரமாகலாம். பல்கலைக்கழகத்தில் அதற்கு ஆறேழு ஆண்டு. புத்தகம் வந்ததா, கட்டுரை எத்தனை, வெளியாட்கள் என்ன சொன்னார்கள் என்ற கேள்விகளும் உண்டு. இங்கே பார்ப்பது வகுப்பறையை. ஓய்வூதியம் உண்டு. 2012 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு அதன் விதிகள் பழைய ஆசிரியர்களுக்கு இருந்ததைவிடக் கடுமை. ஆனாலும் 2022 முதல் ஐந்து ஆண்டு பணி முடித்தாலே உரிமை உறுதியாகிவிடுகிறது. மருத்துவக் காப்பீடு உண்டு. சம்பளம் ஆண்டு எண்ணிக்கைக்கும் படிப்புக் கிரெடிட்டுக்கும் ஏற்ப அட்டவணைப்படி ஏறும். நீங்கள் எழுதிய ஆய்வுக் கட்டுரைக்காக அது ஒரு டாலர்கூட ஏறாது.

வகுப்பறைக்குள்

பார்ட் கல்லூரியில் 1982 முதல் எழுத்துக்கும் சிந்தனைக்குமான ஒரு நிறுவனம் இயங்கிவருகிறது. அங்கே வளர்ந்த முறை பள்ளிக்கும் வந்துவிட்டது. கல்வியாண்டின் தொடக்கத்தில், பாடம் எதுவும் ஆரம்பிப்பதற்கு முன், எழுத்துப் பட்டறை. ஒரு சிறு பகுதியை வாசிக்கிறார்கள். ஒரு கேள்வி தரப்படுகிறது. குறித்த நேரம் முடியும்வரை கையை எடுக்காமல் எழுத வேண்டும். பிழை பார்க்க வேண்டாம், அடிக்க வேண்டாம், மதிப்பெண் கிடையாது. பிறகு வட்டமாக உட்கார்ந்து எழுதியதை அவரவர் வாய்விட்டு வாசிக்க வேண்டும். இதில் முனைவர்களுக்கு வயிற்றைக் கலக்கும் விதி ஒன்று உண்டு: ஆசிரியரும் எழுத வேண்டும், ஆசிரியரும் வாசிக்க வேண்டும். அடிக்குறிப்பு இல்லாமல், 'என்று கருத இடமுண்டு' போன்ற கவசங்கள் இல்லாமல், பத்து நிமிடத்தில் கிறுக்கியதை 15 வயதுப் பிள்ளைகள் முன் வாசிப்பது பத்தாண்டு ஆராய்ச்சிப் பழக்கத்துக்கு நேர் எதிரானது. இந்த வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்பதைச் சான்றிதழ்களைவிட அந்தப் பத்து நிமிடம் சரியாகச் சொல்லிவிடும் என்பது என் எண்ணம்.

வேலைக்கு எடுப்பதற்கு முன் மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்வது இத்தகைய பள்ளிகளில் வழக்கம். ஓர் உயிரியல் முனைவரைக் கற்பனை செய்துகொள்வோம். ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வில் கைகொடுத்த 40 ஸ்லைடுகளை 12 ஆகக் குறைத்துக்கொண்டு வருகிறார். ஏழாவது ஸ்லைடில் கடைசி பெஞ்ச் ஜன்னலைப் பார்க்கத் தொடங்கிவிடும். அதே முனைவர் ஒரேயொரு வரைபடத்தைத் திரையில் போட்டு, அச்சுகளின் பெயரை மறைத்துவிட்டு, 'இது எதைப் பற்றியதாக இருக்கும்?' என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டால் கதை வேறு. பிள்ளைகள் ஊகிப்பார்கள், தப்பாக ஊகிப்பார்கள், ஒருவரையொருவர் மறுப்பார்கள். நேர்காணல் குழு கவனிப்பது அந்தத் தப்பான ஊகத்தை அவர் என்ன செய்கிறார் என்பதைத்தான்.

பல்கலைக்கழகத்தில் யாரும் சொல்லித்தராத இன்னொரு பகுதி சட்டம். மாணவர் பதிவேடுகளின் ரகசியம் குறித்த கூட்டாட்சிச் சட்டம் 1974-ல் வந்தது. அதன்படி 18 வயதுவரை பள்ளிப் பதிவேட்டைப் பார்க்கும் உரிமை பெற்றோருக்கு. கல்லூரியில் சேர்ந்துவிட்டால் வயது எதுவானாலும் அந்த உரிமை மாணவருக்குப் போய்விடும். சரி, 16 வயதில் கல்லூரி வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பெண் தேர்வில் தவறிவிட்டாள். அம்மா போன் செய்கிறார். பேராசிரியர் என்ன சொல்ல வேண்டும்? பள்ளிப் பதிவேடு அம்மாவுக்கு, கல்லூரிப் பதிவேடு மகளுக்கு என்பது விதி. இரண்டு நிறுவனங்களும் தகவலைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளலாம், கல்லூரியிலிருந்து பள்ளிக்குப் போன தகவலை 18 வயதுக்குட்பட்டவரின் பெற்றோர் பார்க்கலாம் என்பது விதிக்குள் விதி. இரு தரப்பும் நீங்களே என்னும்போது போனைக் கையில் வைத்துக்கொண்டு இதையெல்லாம் யோசிக்க வேண்டும். கற்றல் குறைபாடு உள்ள மாணவருக்கான தனிக் கல்வித் திட்டமும் அப்படியே. பள்ளியில் அது சட்டப்படி கட்டுப்படுத்தும் ஆவணம். தேவைப்பட்டால் பாடத்தையே மாற்றியமைக்கும். கல்லூரிப் பாடத்தில் கூடுதல் நேரம் போன்ற வசதிகள் மட்டும்தான், பாடத்தின் தரத்தைத் தளர்த்த முடியாது. அதே மாணவி, அதே ஆசிரியர், ஜூனுக்கும் செப்டம்பருக்கும் நடுவில் சட்டம் மாறிவிடுகிறது.

கொடுக்க வேண்டிய விலை

நேரம்தான் விலை. மாநிலச் சட்டப்படி பள்ளி 180 நாட்கள் நடக்க வேண்டும். கல்லூரியின் பதினைந்து வாரப் பருவம், டிசம்பர் நடுவில் தொடங்கும் நீண்ட விடுமுறை எல்லாம் கனவு. வருகைப் பதிவு, பெற்றோர் சந்திப்பு, மதிய உணவுக் கூடக் கண்காணிப்பு என்று பட்டமளிப்பு அங்கியில் இல்லாத வேலைகள் உண்டு. கோடை இரண்டு மாதம் உங்களுடையது. புத்தகம் எழுத வேண்டுமானால் அதற்குள்தான். எழுதியவர்கள் இருக்கிறார்கள், ஆனால் வாரத்துக்கு இரண்டு நாள் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்தால்தான் தன் துறையில் உயிர்த்திருக்க முடியும் என்பவர், ஆய்வுக்கூடமும் ஆய்வு மாணவர்களும் இல்லாமல் முடியாது என்பவர் இங்கே வரக் கூடாது. வந்தால் மூன்றாவது ஆண்டில் கசப்பாகிவிடுவார். அந்தக் கசப்பைப் பிள்ளைகள் முதலில் மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

உரிமம் இன்னொரு எரிச்சல். பல்கலைக்கழகத்தில் ஐந்தாண்டு பாடம் எடுத்தவருக்கும் நியூயார்க்கில் பாடத் தேர்வு, கைரேகைப் பதிவு, குழந்தை வதையை அடையாளம் காணும் பயிற்சி, பள்ளி வன்முறைத் தடுப்புப் பயிற்சி, மாணவர் கண்ணியச் சட்டம் குறித்த பயிற்சி என்று ஒரு வரிசை காத்திருக்கிறது. முனைவர்கள் முகம் சுளிப்பது இதைப் பார்த்துத்தான். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பதினான்கு வயதுப் பிள்ளையின் கையில் உள்ள காயத்தைப் பார்த்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை எந்த ஆய்வேடும் கற்றுத்தருவதில்லை.

சைமன்ஸ் ராக் இந்த ஆய்வுக்குள் மறுபடியும் வந்தாக வேண்டும். எர்லி காலேஜ் என்ற எண்ணத்தின் தாய்வீடான அந்தத் தனியார் கல்லூரியில் மாணவர் சேர்க்கை தேய்ந்தது. கிரேட் பேரிங்டன் வளாகத்தை மூடி, பார்ட் கல்லூரிக்கு அருகே இடம் மாற்றுவதாக 2024 நவம்பரில் அறிவித்தார்கள். 2025 வசந்தப் பருவத்தோடு வளாகம் மூடப்பட்டது. அங்கிருந்த ஆசிரியர்கள் வேலையை இழந்தார்கள். புதிய இடத்தில் உள்ள பணிகளுக்கு விண்ணப்பிக்கலாம் என்பதே அவர்களுக்கு இருந்த வழி. நியூயார்க்கில் மாநகரச் சம்பளப் பட்டியலில் இருந்தவர்களுக்குப் பணிமூப்பும் சங்க ஒப்பந்தமும் துணை இருந்தன. தத்துவம் ஒன்று, பேராசிரியர் என்ற பெயரும் ஒன்று, ஆனால் சம்பளப் பட்டியல் வேறு.

வெளிநாட்டிலிருந்து வந்து அங்கே முனைவர் பட்டம் முடிப்பவர்களுக்கு, அவர்களில் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், இதே சம்பளப் பட்டியல் இன்னொரு முகம் காட்டும். பல்கலைக்கழகமும் கல்லூரியும் வேலைக்கு எடுத்தால் எச்-1பி விசாவின் ஆண்டு உச்சவரம்பு பொருந்தாது, குலுக்கல் இல்லை. பொதுப் பள்ளி மாவட்டத்துக்கு அந்த விலக்கு தானாக வராது. உயர்கல்வி நிறுவனத்தோடு முறையான இணைப்பு இருப்பதைக் காட்டினால்தான் கேட்க முடியும். எர்லி காலேஜ் பள்ளிக்கு அப்படி ஓர் இணைப்பு காகிதத்தில் இருக்கிறது, ஆனால் விண்ணப்பிப்பது மாவட்டமா கல்லூரியா என்பதைப் பொறுத்தே வழக்கறிஞர் வாதாடுவார். இது போதாதென்று 2025 செப்டம்பரில், நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கான புதிய எச்-1பி விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்ற அறிவிப்பு வந்தது. அவ்வளவு பணத்தை ஒரு பள்ளி மாவட்டம் ஓர் ஆசிரியருக்காகக் கட்டும் என்று நம்பிச் சென்னையில் உட்கார்ந்து விண்ணப்பம் அனுப்புவது வீண். ஏற்கெனவே அங்கே மாணவர் விசாவில் இருப்பவருக்குப் படிப்புக்குப் பிந்தைய 12 மாத வேலை அனுமதி உண்டு. அறிவியல், கணிதத் துறைகளானால் மேலும் 24 மாதம். அந்தக் காலத்துக்குள் வகுப்பறையில் நின்று காட்டிவிட வேண்டும்.

காலண்டரும் மாறும். பல்கலைக்கழக வேலைகளுக்கான விளம்பரம் இலையுதிர் காலத்தில் வரும், நேர்காணல் குளிர்காலத்தில் நடக்கும். பள்ளிகள் ஆள் எடுப்பது பெரும்பாலும் வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும். மார்ச் மாதம் பல்கலைக்கழகக் கடிதங்கள் எல்லாம் 'வருந்துகிறோம்' என்று முடிந்த பிறகும் இந்தக் கதவு திறந்தே இருக்கிறது. உரிமத்துக்கான பயிற்சிகளையும் தேர்வையும் மட்டும் அதற்கு முந்தைய டிசம்பரிலேயே தொடங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் இடம் கிடைத்தும் சேர முடியாது.

நேர்காணலின் முடிவில் 'எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?' என்பார்கள். ஆராய்ச்சி நிதி, அலுவலக அறை, நூலக அனுமதி எல்லாவற்றையும் பிறகு கேட்டுக்கொள்ளலாம். கல்லூரி வகுப்பு எடுக்கப்போவது நானா, வளாகத்திலிருந்து வரும் வேறொருவரா என்று முதலில் கேட்க வேண்டும். மாவட்டத்துக்கும் கல்லூரிக்கும் உள்ள ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது, முடிந்தால் என் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கும் என்பது அடுத்த கேள்வி. பதில் தெளிவாக வராவிட்டால், பணி ஒப்பந்தத்தின் நகலை வீட்டுக்கு எடுத்துவந்து ஆற அமரப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம்.